ஒரு நாள் முந்திப்போன பிறந்த தேதி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்ட செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பதில் தாமதமானதற்கு, நீ விசாரித்திருந்த, இணையப் படிவத்தில் தேதியை நிரப்பும் அந்தப் பெட்டிதான் காரணம்.

நாங்கள் உருவாக்கிய விண்ணப்பப் படிவத்தில் 12ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தரவுத்தளத்தில் 11 என்று பதிவாகிக்கொண்டிருந்தது. நாள்காட்டி நிரல் தேர்ந்த தேதியை நம் ஊர் நள்ளிரவாக எடுத்துக்கொள்ள, அதை அனுப்புமுன் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றியிருந்தோம். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால் அது முந்தைய நாள் மாலை 6.30 ஆகிவிட்டது, அதில் தேதியைக் குறிக்கும் முதல் பத்து எழுத்துகளை மட்டும் வெட்டிச் சேமித்தோம். சோதனைகள் ஓடிய கணினி பொது நேரத்திலேயே இயங்கியதால் அங்கே எல்லாம் சரியாகவே தெரிந்தது.

பிறந்த தேதி என்பது ஒரு கணம் அன்று, வெறும் ஆண்டு, மாதம், நாள் என்பதை நான் மறந்ததுதான் பிழை. திரையில் எந்த வரிசையில் காட்டினாலும், இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் தேதிப் பெட்டி 1988-03-12 என்ற வடிவில்தான் மதிப்பைத் தருகிறது. அதை அப்படியே எழுத்தாக அனுப்பியிருந்தால் போதும்.

சரிபார்ப்பிலும், உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டை நம்பிவிடாதே. அதில் மாதங்கள் சுழியத்திலிருந்து எண்ணப்படுவது ஒருபுறமிருக்க, 2023 பிப்ரவரி 30 என்று எண்களாகக் கொடுத்தால் மறுக்காமல் மார்ச் 2 என்று தந்துவிடும். ஆகவே உருவான தேதியிலிருந்து நாளையும் மாதத்தையும் திரும்ப எடுத்து, பயனர் தந்தவற்றோடு ஒப்பிட வேண்டும். உலாவியில் செய்யும் சோதனை பயனருக்கான உதவி மட்டுமே. படிவத்தைத் தொடாமலே கோரிக்கை அனுப்ப முடியும் என்பதால், அதைப் பெறும் நம் கணினியான வழங்கியில் மறுபடியும் சோதித்தே ஆக வேண்டும்.

பிறந்த தேதிக்கு நாள்காட்டியே வேண்டாம் என்பது என் கருத்து (நீ சண்டைக்கு வருவாய், தெரியும்). 1952இல் பிறந்த பெரியவரை மாதம் மாதமாகப் பின்னோக்கித் தட்டவைப்பது கொடுமை. பிரிட்டன் அரசின் வடிவமைப்பு வழிகாட்டியும் இதற்கு நாள், மாதம், ஆண்டு என மூன்று தனிப்பெட்டிகளையே பரிந்துரைக்கிறது. பிழை வந்தால் ‘தவறான தேதி’ என்று அதட்டாமல், ‘ஏப்ரலில் 30 நாள்களே உண்டு’ என்று சொல்லலாம். ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு மட்டுமே உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை ஜனவரி 1 என்று பொய் எழுதவைக்காத படிவத்தை இனிமேல்தான் நான் செய்ய வேண்டும்.

உன் படிவமோ மருத்துவரைச் சந்திக்கும் நேரத்தைக் கேட்பது. அது உண்மையிலேயே ஒரு கணம். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கும் சிங்கப்பூரிலிருந்து மகன் தாய்க்காகப் பதிவு செய்தால், அவன் காணும் ‘காலை 10’ எந்த ஊர் நேரம் என்பதைப் பெட்டியின் பக்கத்திலேயே எழுதிவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்