கூட்டுத்தொகையில் குறைந்த நூற்றிருபது ரூபாய்

சென்னை

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். கண் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிவிட்ட நம் கணக்கு ஐயா உன்னை விசாரித்தார். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. “வீடியோவைப் போட்டுவிட்டால் பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ள மாட்டார்களா, நீ எதற்கு?” என்று கேட்டிருந்தாயே, அதற்கு நேர்மையான பதில் கிடைக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

வியாசர்பாடியில் மாலை வகுப்புக்கு வரும் பிளஸ் டூ மாணவியருக்கு, ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் வீடியோ பாடங்களைக் கொண்டு, கட்டங்களில் எண்களை இட்டுக் கணக்கிடும் லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருளைச் சொல்லித்தருகிறேன். மென்பொருள் இலவசம், திரையில் ஆங்கிலம் இருந்தாலும் விளக்கம் தமிழில் ஒலிக்கிறது, ஒரு பாதியில் பாடமும் மறுபாதியில் கால்க்குமாக வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் செய்துபார்க்க வேண்டும் என்பதே அதன் முறை. அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் பாடத்தில் வரும் எண்கள் யாருடைய எண்கள்? விடை எதுவாக வந்தாலும் பிள்ளைகள் தலையாட்டிவிடுகிறார்கள். அது சரியா என்று கேட்க அவர்களிடம் அளவுகோல் ஏதுமில்லை.

ஆகவே, வீட்டுக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னேன். பூ விற்கும் தாயின் ஒரு வாரக் கணக்கைத் தட்டச்சு செய்த ஒரு பெண், கூட்டும் சூத்திரமான SUM போட்டதும், “சார், நூற்றிருபது குறைகிறது” என்றாள். அம்மாவுக்குக் கூட்டிக் கொடுப்பவள் அவள்தான். வாரத் தொகை மனத்திலேயே இருந்தது. செல் எனப்படும் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லா எண்களும் வலப்பக்கம் ஒட்டியிருக்க, ஒன்று மட்டும் இடப்பக்கம் நின்றது: “120 ரூ”. அந்த ‘ரூ’வால் அது எழுத்தாகிவிட்டது, எழுத்தை SUM கூட்டாது, பிழை என்று எச்சரிக்கவும் செய்யாது. வீடியோவில் யாரும் ‘ரூ’ என்று தட்டுவதில்லை. நம் பிள்ளைகள் தட்டுவார்கள்.

சத்தமில்லாமல் குறைவதுதான் என்னை உண்மையில் அச்சுறுத்துகிறது. 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டார்கள். பழைய எக்செல் வடிவக் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லாததே காரணம் என்று செய்திகள் கூறின. படித்தவர்கள் நிறைந்த அலுவலகத்திலேயே அப்படி என்றால், நாளை ஏதோ ஒரு கடையின் கணக்கை எழுதப்போகும் நம் பெண்ணுக்குச் சந்தேகப்படும் பழக்கத்தை யார் தருவது? அதற்குத்தான் நண்பா, நான்.

சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது செல்லின் முகவரி மாறாமல் நிறுத்திவைக்கும் டாலர் குறியையும் இப்போது அவ்வாறே நடத்துகிறேன். விற்ற முழங்களின் எண்ணிக்கையை B2 முதல் கீழாகவும், ஒரு முழத்தின் விலையை E1-இலும் வைத்து, =B2*E1 என்று எழுதிக் கீழே இழுக்கச் சொல்கிறேன். அடுத்த வரிசையில் அது =B3*E2 ஆகிறது; E2 காலி, விடை 0. “பூ விற்றதே, பணம் எங்கே?” என்று அவர்களே கேட்ட பிறகுதான் $E$1 பற்றிய பாடத்தை ஓட்டுகிறேன். அப்போது அவர்கள் பாடத்தைக் கேட்கும் கேட்பே வேறு.

நீ வகுப்பைத் தொடங்குமுன் உன் ஊர்ப் பிள்ளைகளின் வீட்டுக் கணக்குகளைக் கொஞ்சம் திரட்டி அனுப்பு. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, எதுவானாலும் சரி. அவற்றை வைத்துப் பயிற்சித்தாள் தயாரித்துத் தருகிறேன். குண்டுமணியின் கடைப் பேரேட்டையும் எப்படியாவது வாங்கிவிடு. நீ கேட்டால் மறுக்கமாட்டான்.

அன்புடன்,
உன் நண்பன்