ஆயா முடிந்து வைத்த காசு

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ, அவர், குட்டிப்பயல் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? தோஹாவில் வெயில் ஆரம்பித்திருக்குமே. ஆயா காரியத்தன்று நீ அனுப்பிய குரல் செய்தியை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நம் போன் பேச்சு உனக்கே தெரியும். உன் பையன் நடுவில் வந்து எதையாவது கேட்பான், எனக்கு ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள், முக்கியமானதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேசிவிட்டு வைத்துவிடுவோம். இது கொஞ்சம் நீளமான சமாசாரம், அதனால் எழுதுகிறேன்.

மயிலாப்பூரை இப்போது நீ பார்த்தால் திட்டித் தீர்ப்பாய். லஸ் பக்கம் முழுக்க மெட்ரோ வேலை. எந்தத் தெரு திறந்திருக்கும், எதை அடைத்திருப்பார்கள் என்று ஆட்டோக்காரர்களுக்கே நிச்சயமில்லை. ஆனாலும் தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகள் அப்படியேதான் இருக்கின்றன. சாகிறதுக்கு ஒரு வாரம் முன்புகூட ஆயா அங்கே போய் ஒருத்தியோடு வாழைப்பூ விலைக்குச் சண்டை போட்டுவிட்டு வந்தது.

மாசிக் கடைசியில் போனது. கிடையில் விழவில்லை. ராத்திரி கஞ்சி குடித்துவிட்டு, தெருக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயா என்று மாமாவிடம் கேட்டுவிட்டுப் படுத்தது. காலையில் எழுந்திருக்கவில்லை. வயசு என்ன என்று கேட்காதே. ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. கல்யாணச் சாவு என்று மேளம் வைத்து அனுப்பினார்கள்.

எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. கபாலி கோயில் பங்குனித் திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் சில நாள்தான் இருந்தது. பாம்பு கடித்துச் செத்த பூம்பாவையின் சாம்பல் குடத்துக்கு முன்னால் நின்று, இந்தத் திருவிழாவைக் காணாமலே போகிறாயா என்று சம்பந்தர் பாட்டுக்குப் பாட்டு கேட்பார் இல்லையா? மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையில் நடக்கிற ஒவ்வொரு விழாவாகச் சொல்லிக் கேட்பார். ஆயா அந்தக் கதையை ஏதோ நம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடந்த மாதிரிதான் சொல்லும். எட்டாம் நாள் அறுபத்து மூவர் அன்று வாசலில் அண்டா வைத்துப் பானகம் ஊற்றாமல் ஒரு வருஷமும் இருந்ததில்லை. 2020இல் ஊரடங்கில் விழாவே இல்லாதபோதுகூட, அந்த நாளில் பானகம் கரைத்து, தெருமுனையில் நின்ற போலீஸ்காரர்களுக்கும் குப்பை வண்டிக்காரர்களுக்கும் கொடுத்தது. இந்த வருஷம் எங்கள் வாசலில் அண்டா இல்லை. பல்லக்குகள் போகிற சத்தம் மட்டும் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பதினாறாம் நாள் கழிந்து வீட்டைக் கழுவிவிட்டபோது, சாமி அலமாரியில் படங்களுக்குப் பின்னால் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைத்தது. உள்ளே முழுக்க மஞ்சள் துணி முடிச்சுகள். எங்களில் யாருக்காவது காய்ச்சல், பரீட்சை, வேலை, பிரசவம் என்று வந்தால் ஆயா காசை மஞ்சள் துணியில் முடிந்து வைக்குமே, அதேதான். அது பாட்டுக்கு ஒவ்வொன்றாகக் கோயிலில் செலுத்திவிடும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். முட்டிவலி வந்து வெளியே போவது குறைந்த பிறகு முடிந்ததெல்லாம் தேங்கிப்போயிருக்கிறது.

மாமா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எல்லாத்தையும் கொண்டுபோய்க் கபாலி உண்டியல்ல போடுங்க. சாமிங்களுக்குள்ள பிரிச்சுக்கட்டும்." பெரியம்மா விடவில்லை. அம்மனுக்கு முடிந்ததை அப்பனுக்குப் போட்டால் ஆகுமா? அதுவும் போக, பங்காளி வீட்டுக்கு ஒரு வருஷம் திருவிழா, நேர்த்திக்கடன் எதுவும் கிடையாதே? பேசிப் பேசிக் கடைசியில் எல்லார் பார்வையும் என் பக்கம் திரும்பியது. நான் மகள் வயிற்றுப் பேத்தி, எனக்கு மூன்று நாள் தீட்டுதான். கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று வெளியிலேயே நின்றுவிடுகிறவளிடம் வந்து சேர்ந்தது இந்த வேலை! ஆயா கேட்டிருந்தால் சிரித்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் தரையில் பேப்பரை விரித்து, ஊக்கை வைத்து முடிச்சுகளை நெம்பினோம். ஆயா கை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. வருஷக்கணக்கில் வாழை நாரில் பூக் கட்டிச் சம்பாதித்த கை அது. தாத்தா அச்சகத்தில் எழுத்துக் கோத்து வந்த சம்பளம் வாடகைக்குச் சரியாகப் போகும்; சோறு ஆயா கட்டின பூவில்தான். உதிரிப்பூவை மடியில் கொட்டிக்கொண்டு, நாரைத் தண்ணீரில் நனைத்து, இந்தப் பக்கம் ரெண்டு மொக்கு, அந்தப் பக்கம் ரெண்டு மொக்கு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. பேச்சு நிற்காது, பார்வையும் பூவில் இருக்காது.

இரண்டு மூன்று முடிச்சைப் பிரித்த பிறகுதான் சூட்சுமம் புரிந்தது. ஆயாவுக்கு எழுதத் தெரியாது. அதற்காக எது யாருக்கு என்று குழம்பிவிடக் கூடாதே! காசோடு ஒரு அடையாளத்தையும் சேர்த்து முடிந்திருக்கிறது. காய்ந்த வேப்பிலை இருந்தால் முண்டகக்கண்ணி. துளசி என்றால் திருப்பதி. திருநீறு வடபழனி. சாம்பிராணித் துண்டு இருந்தது மவுண்ட் ரோடு தர்காவுக்கு. அம்மாதான் சட்டென்று சொன்னாள், தம்பிக்குச் சின்ன வயதில் ராத்திரியில் தூக்கிப் போடும்போது அங்கேதான் போய் மந்திரித்துக்கொண்டு வருவார்களாம். சிலவற்றில் ஒன்றேகால் ரூபாய். அந்த நாலணாக்கள் 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டன, அப்படியானால் அதற்கு முந்தைய வேண்டுதல்கள். எதற்காக என்று இனி யாரைக் கேட்பது? யாருக்கோ காய்ச்சல் இறங்கியிருக்கிறது, யாரோ பாஸாகியிருக்கிறோம், அவ்வளவுதான் தெரியும்.

அடையாளத்தைப் படித்துக்கொண்டே போனபோது ஒன்று கவனித்தேன். தன் முட்டிவலிக்கென்று ஆயா எதுவும் முடிந்ததாகத் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "தனக்குன்னு கேட்டா சாமி மதிக்காதாம். அடுத்தவங்களுக்குன்னாதான் சண்டை போட்டு வாங்க முடியுமாம்" என்றாள். ஆமாம், ஆயா சாமி கும்பிட்டதை நீயும் பார்த்திருக்கிறாய். எங்கே கும்பிட்டது? வம்புக்கு இழுக்கும். முண்டகக்கண்ணியம்மன் கோயிலில் கீற்றுக் கொட்டகைக்கு நேராக நின்றுகொண்டு, "பொன்னு கேட்டனா, பொருளு கேட்டனா? புள்ளைக்கு ஜுரம் இறங்கணும்னு கேட்டேன், அதுகூட உன்னால ஆகாதா?" என்று அது கேட்டபோது பக்கத்தில் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கும். 2014இல் அந்த அம்மன் பேரிலேயே பறக்கும் ரயிலுக்கு ஸ்டேஷன் திறந்தார்களே, அன்றைக்கு ஆயா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தன் வீட்டுப் பெண்ணுக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்ட மாதிரி!

வேப்பிலை முடிச்சுகளில் மூன்று ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, மூன்று அம்மன். உனக்கும் ஞாபகம் இருக்கும், ஒரு தடவை நீயும் வந்தாயே. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்தால் போதும், ஆயா எங்களை விடியற்காலையிலேயே எழுப்பிவிடும். சென்ட்ரலுக்கு வந்து கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து மீஞ்சூரில் இறங்கி, மேலூர் திருவுடையம்மனைக் காலையில் பார்க்க வேண்டும். திரும்பி அதே தடத்தில் வந்து, உச்சிக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன். சாயங்காலம் ஆவடிப் பக்கத்து வண்டியில் ஏறித் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சை, ஞானம், கிரியை மூன்றும் ஒரே நாளில் என்று குருக்கள் சொல்வார். ஆயாவுக்கு அதெல்லாம் தெரியாது. "அக்கா தங்கச்சி மூணு பேரு, ஒருத்தியைப் பாத்துட்டு இன்னொருத்தியை விட்டா கோச்சுக்குவாங்க" என்பதுதான் அதன் விளக்கம். வழியெல்லாம் "நடை சாத்திடுவாங்க, நடை சாத்திடுவாங்க" என்று விரட்டும். நீ வந்த அன்றைக்கு ஸ்டேஷனிலேயே உன்னை நிறுத்திக் கேட்டது: "அம்மாகிட்ட சொல்லிட்டியா? அப்ப வா. விபூதி வேணாம்னா வேணாம், புளிசோறு சாப்பிடலாம்ல?" கடைசிக் கோயிலில் வெள்ளெருக்குத் தூணைக் காட்டி, இது மரமில்லை, செடி என்று ஆயா சொன்னதற்கு நீ ஒரே அடியாக நம்ப மாட்டேன் என்றாய். திரும்பும் வண்டி முழுக்க உங்கள் ரெண்டு பேர் வழக்குதான்.

இதையெல்லாம் எழுதுவதால் ஆயாவைத் தெய்வமாக்குகிறேன் என்று நினைக்காதே. காரியத்துக்கு வந்தவர்கள் அந்த வேலையை நன்றாகவே செய்துவிட்டார்கள். அம்மா பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியும் போதும் என்று நிறுத்தினது இதே ஆயாதான். மாமா தோற்றுத் தோற்றுப் படித்ததற்குப் பணம் இருந்தது. அம்மா அதைச் சொல்லிக் காட்டியதில்லை, மறக்கவும் இல்லை. என் காலேஜ் ஃபீஸுக்கு ஆயா கம்மலைக் கழற்றிச் சேட்டுக் கடையில் வைத்ததை அம்மா ஒருவிதத்தில் தனக்குச் செய்ததாகவே எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த ரெண்டையும் கழித்துச் சமன் செய்ய வரவில்லை. மீன் விஷயத்திலும் அப்படித்தான், வஞ்சிரத்தில் நடுத்துண்டு கடைசிவரை மாமா தட்டில்தான் விழுந்தது.

2004ஐப் பற்றி உங்க அம்மா இன்னும் பேசுவார்களா? கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடல் உள்ளே வந்துவிட்டது என்று சாந்தோமிலிருந்தும் பட்டினப்பாக்கத்திலிருந்தும் ஜனம் ஓடி வந்ததே. நீங்கள் எல்லாரும் எங்கள் வீட்டில். வழக்கமாக அறுபத்து மூவருக்கு மட்டும் இறங்குகிற அண்டாவை ஆயா அன்றைக்கு இறக்கி, திண்ணையில் வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ரவா உப்புமா கிளறியது. உங்க அம்மா எங்கள் சாமி அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். உதவிக்கு எழுந்திருக்கப் போனபோது ஆயா சொன்னது என் காதில் இருக்கிறது: "நீ உருட்டும்மா, நான் கிளறிக்கிறேன். ரெண்டும் வேணும் இப்ப."

போன வெள்ளிக்கிழமை முண்டகக்கண்ணிக்குச் செலுத்திவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை லீவில் வடபழனி. திருவொற்றியூருக்கும் மற்ற இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை பௌர்ணமி வரும்வரை பொறுக்க வேண்டும் என்று அம்மா கட்டளை. துளசி முடிச்சுகளைத் தி. நகர் தேவஸ்தானத்தில் போட்டுவிடலாம் என்றேன். மலைக்கு முடிந்தது மலைக்குத்தான் போக வேண்டுமாம். மாடி வீட்டுக்காரர்கள் புரட்டாசியில் போகிறார்கள், அவர்களிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். அடையாளம் எதுவும் இல்லாமல் வெறும் காசாக இருந்த முடிச்சுகள் மட்டும் பாட்டிலிலேயே கிடக்கின்றன. அவற்றுக்கு மாமாவின் தீர்ப்புதான் போலிருக்கிறது.

இப்போது உன் பங்கு. ஒரு முடிச்சில் கருகிய மெழுகுவர்த்தித் திரி இருந்தது. காசு பதினொன்று: ஒரு பத்து ரூபாய் நாணயம், ஒரு ஒற்றை ரூபாய். பார்த்ததும் அம்மா, "இது அவ பையனுக்கு" என்றாள். உன் பையன் ஏழாம் மாசத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது நான் போட்டோவை ஆயாவிடம் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. எந்த ஊர், என்ன ஆஸ்பத்திரி, எத்தனை எடை என்று மட்டும் கேட்டது. சாயங்காலம் மஞ்சள் துணியைக் கிழித்துக்கொண்டிருந்ததாம். அந்தச் சமயம் கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தை யாரும் வாங்க மாட்டார்கள். அம்மா வேறு காசு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். "கடைக்காரன் வாங்கலன்னா என்ன, மாதா வாங்கிக்கும்" என்றதாம். பெசன்ட் நகர் மாதாவுக்கு. பிள்ளை பிழைத்து நடந்து வந்து அவன் கையால் போட வேண்டும் என்று வேண்டுதல். உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவைத்திருக்கிறது; பச்சை உடம்புக்காரி, வேண்டுதல் என்று கேட்டால் பயந்துவிடுவாள் என்று. அதற்குப் பிறகு நீங்கள் ஊருக்கு வந்தபோதெல்லாம் ஆயாவால் அவ்வளவு தூரம் போக முடியாத நிலை. தான் இல்லாமல் போகச் சொல்ல அதற்கு மனசும் வரவில்லை போலிருக்கிறது.

அந்த முடிச்சை மட்டும் திரும்ப அப்படியே கட்டி வைத்திருக்கிறேன். என் கட்டு, அதனால் லேசாக இழுத்தாலே அவிழ்ந்துவிடும், கையில் வாங்கும்போது பார்த்து. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருநாள். காவி கட்டிக்கொண்டு நடந்து வருகிற கூட்டத்தில் பையனைக் கூட்டிப்போவது கஷ்டம் என்றால் ஜூலை லீவிலேயே வா, ஒரு சாதாரண நாள் காலையில் போய்விடலாம். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், நான் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். வரும்போது அம்மாவுக்குக் கோடாலித் தைலம் இரண்டு பாட்டில். அவளுக்கும் முட்டி ஆரம்பித்துவிட்டது.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரி