அந்த 11 வினாடி எங்கே போனது?

அரசியல், போர், போராட்டம் பற்றி நீண்ட பேட்டி எடுக்கும் யூடியூப் சேனல் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் சேனல்களில் முகம் காட்டாத ஆள் நான். நீங்கள் எடுக்கும் இரண்டு மணி நேர, மூன்று மணி நேரப் பேட்டிகளை ஹெட்போன் மாட்டிக் கேட்டு, வார்த்தை வார்த்தையாக டைப் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. சில பேட்டிகள் புத்தகமாகும், சில சப்டைட்டில் ஆகும், பல ஒன்றும் ஆகாமல் கோப்பாகவே கிடக்கும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க எனக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். அப்படிப் பார்த்தால், எதிரே உட்கார்ந்து பேட்டி எடுத்த உங்களைவிட அந்தக் குரலோடு அதிக நேரம் இருந்தவன் நான்தான். இதை எழுத எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவே.

சென்ற ஆண்டு ஒரு ஒலிப்பதிவு வந்தது. பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். அவர் பணியில் இருந்தபோது ஒரு போராட்டத்தைக் கலைத்த விதம் பற்றி நெறியாளர் தம்பி நறுக்கென்று கேட்டார்: "அன்னைக்கு உத்தரவு கொடுத்தது யாரு சார்?" அப்புறம் சத்தமில்லை. மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்கிறது. டம்ளரை எடுக்கிறார், குடிக்காமலே வைக்கிறார். மேசைக் கண்ணாடியில் அது படும் 'டக்' தெளிவாக விழுந்திருக்கிறது. ஒரு செருமல். பிறகு, "அதை விடுங்க தம்பி, அடுத்ததுக்குப் போவோம்." டைம்கோடைப் பார்த்தேன், 11 வினாடி. பகர அடைப்புக்குள் '11 வினாடி மௌனம்' என்று போட்டு அனுப்பினேன்.

வீடியோ வெளியானபோது அந்த இடம் இல்லை. மௌனம் மட்டுமல்ல, கேள்வியையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன கதை, அம்மாவின் கைச்சமையல், பயிற்சிக் காலத்தில் குதிரையிலிருந்து விழுந்தது எல்லாம் இருந்தன. "எவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறார்!" என்று கீழே ஒருவர் நெகிழ்ந்திருந்தார். பொறுக்காமல் போன் போட்டுக் கேட்டேன். "அதுல கன்டென்ட் ஒண்ணும் இல்லையேண்ணா" என்றார் எடிட்டர் தம்பி. அவர்மேல் கோபமில்லை. தொழில் அவருக்கு அப்படிக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தப் பாடத்தைப் பற்றித்தான் உங்கள் எல்லோரிடமும் பேச வேண்டியிருக்கிறது.

ராபர்ட் மக்னமாராவைத் தெரிந்திருக்கும். 1961 முதல் 1968 வரை அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர், வியட்நாம் போரை நடத்தியவர்களில் முக்கியமானவர். 1965 நவம்பரில் நார்மன் மாரிசன் என்ற போர் எதிர்ப்பாளர், பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில், இவருடைய அறைக்குக் கீழேயே தன்னைத் தீக்கிரையாக்கிக்கொண்டார். எண்பது வயதைக் கடந்த பிறகு எர்ரால் மாரிஸ் எடுத்த ஆவணப்படத்தில் மக்னமாரா நீளமாகப் பேசினார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதே, கேட்டிருக்க வேண்டும் என்று நீ விரும்பும் கேள்விக்குப் பதில் சொல் என்ற வித்தையைத் தானே அதில் ஒப்புக்கொள்கிறார். அப்படிப்பட்ட கில்லாடியிடம் மாரிஸ் கடைசியில் ஒன்று கேட்கிறார். பதவியை விட்ட பிறகாவது இந்தப் போருக்கு எதிராக ஏன் வாய் திறக்கவில்லை?

இதுவரை சொன்னதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறார் மக்னமாரா. இந்த மாதிரிக் கேள்விகள்தான் தன்னை வம்பில் மாட்டுகின்றன என்கிறார். சொன்னாலும் திட்டு, சொல்லாவிட்டாலும் திட்டு என்ற நிலையா என்று மாரிஸ் விடாமல் கேட்க, ஆமாம், சொல்லாமல் திட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று முடித்துக்கொள்கிறார். படத்தின் முடிவே இதுதான். நம் எடிட்டர் தம்பி கையில் கிடைத்திருந்தால் முதலில் போயிருக்கும். தகவல் என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் போர் நடந்துகொண்டிருக்கும்போது அதிகாரத்துக்குள் இருப்பவன் எப்படி வாயை மூடிக்கொள்கிறான் என்பதை, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அவன் மறுபடி மூடிக்கொள்வதை வைத்தே காட்டிவிட்டார்கள்.

இன்னொரு பேட்டி, 1977. அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து விலகி ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகியிருந்த ரிச்சர்ட் நிக்சனை பிரிட்டிஷ் தொலைக்காட்சி நெறியாளர் டேவிட் ஃப்ராஸ்ட் எடுத்தது. கலிபோர்னியாவில் கடலோர வீடு ஒன்றில் 28 மணி நேரத்துக்கு மேல் பதிவு. நிக்சனுக்கு 6 லட்சம் டாலர் கொடுத்தார்கள், லாபத்தில் பங்கும் உண்டு. காசு கொடுத்துப் பேட்டி வாங்குவதா என்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. முகம் சுளிக்க வேண்டிய விஷயம்தான், நானும் சுளிக்கிறேன். ஆனால் ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருந்தது. கேள்விகளை முன்கூட்டியே காட்ட மாட்டோம், எதை வைப்பது எதை வெட்டுவது என்பதில் நிக்சனுக்குப் பேச்சில்லை. அத்தனை லட்சத்தைக் கொடுத்தும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. நம்மூரில் ஒரு ரூபாய்கூடக் கைமாறுவதில்லை, ஆனால் கேள்வித்தாள் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது.

"அதிபர் ஒன்றைச் செய்தால், அது சட்டவிரோதம் ஆகாது என்று பொருள்" என்ற நிக்சனின் புகழ்பெற்ற வாக்கியம் இந்தப் பேட்டியில்தான் வந்தது. அதை, அவர் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழல் பற்றிச் சொன்னதாகத்தான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஷார்ட்ஸில் வெட்டிப் போடுபவர்களும் அப்படியே தலைப்பு வைக்கிறார்கள். உண்மையில் பேச்சு 1970-இன் ஹூஸ்டன் திட்டம் பற்றியது. வியட்நாம் போரின்போது கம்போடியாவுக்குள்ளும் அமெரிக்கப் படை போனதும் கல்லூரிகள் கொந்தளித்தன. மே 4 அன்று ஓஹாயோவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் கொந்தளிப்பின் சூட்டில் தயாரானதுதான் இந்தத் திட்டம். போர் எதிர்ப்பாளர்களின் கடிதங்களைப் பிரிக்கலாம், தொலைபேசியை ஒட்டுக்கேட்கலாம், வீடு புகுந்து துழாவலாம். நிக்சன் ஒப்புதல் கொடுத்தார். எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் முரண்டு பிடித்ததால் சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

ஆக, நிக்சன் அந்த வாக்கியத்தைச் சொன்னது, எதிர்ப்புத் தெரிவிப்பவன் வீட்டுக்குள் அரசாங்கம் புகுவதைப் பற்றி. அங்கே ஃப்ராஸ்ட் செய்ததைக் கவனியுங்கள். அந்த வாக்கியம் கிடைத்ததுமே தம்ப்நெயில் கிடைத்துவிட்டது என்று நாமாக இருந்தால் எழுந்திருப்போம். அவர் நகரவில்லை. அப்படியானால் எல்லைக்கோடு என்பது அதிபரின் முடிவுதானா என்று கேட்கிறார். ஆமாம் என்கிறார் நிக்சன். சட்டவிரோதமான காரியமும் நாட்டைக் காக்கச் செய்தால் சட்டப்படியானதாகலாம் என்று லிங்கனைத் துணைக்கு அழைக்கிறார். லிங்கன் சந்தித்த நிலைமையும் உங்கள் நிலைமையும் ஒன்றா என்று ஃப்ராஸ்ட் மடக்குகிறார். உள்நாட்டுப் போர் நாட்டைப் பிளந்த அளவுக்கு வியட்நாம் போரும் பிளந்தது என்று பதில் வருகிறது. அந்தப் போரை நடத்தியவரே அதைச் சொல்கிறார்! இதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது கேள்வியில் வந்தவை. செனட் குழு ஒன்றுக்கு நிக்சன் எழுத்தில் கொடுத்திருந்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான், லிங்கனை இழுத்து வந்த அந்தக் கேள்வியை ஃப்ராஸ்ட் கேட்டார்.

நம் பேட்டிகளில் இரண்டாவது கேள்வி என்ன தெரியுமா? "ம்ம்... சொல்லுங்க ஐயா." ஒரே பேட்டியில் 64 'சொல்லுங்க ஐயா' டைப் அடித்திருக்கிறேன். விரலே தானாகப் போகிறது.

ஃப்ராஸ்டும் வெட்டினார் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், 28 மணி நேரம் முதலில் நான்கு நிகழ்ச்சிகளாகத்தான் வந்தது. வெட்டுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பேசியவருக்கு எது சங்கடமோ அதைத் தேடிப்பிடித்து வெட்டுகிறீர்கள், எனக்குப் புரியாதது அதுதான். சங்கடம் யாருக்குத்தான் இல்லை? இத்தாலியப் பத்திரிகையாளர் ஒரியானா ஃபலாச்சி 1972-இல் அன்றைய பாகிஸ்தான் அதிபர் பூட்டோவைப் பேட்டி எடுத்தார். இந்திரா காந்தி ஒரு சராசரிப் பெண், சராசரி அறிவு என்று அவர் பேசியது அச்சில் வந்தது. வங்கதேசப் போர் முடிந்து இரு நாடுகளுக்கும் சமாதானப் பேச்சு நடக்க வேண்டிய நேரம். இந்திரா கடும் கோபத்தில் இருக்கிறார், பேட்டியில் உள்ளதெல்லாம் என் கற்பனை என்று நீங்களே எழுதிவிடுங்கள் என்று ஆள் அனுப்பி பூட்டோ கெஞ்சியதாக ஃபலாச்சி எழுதியிருக்கிறார். கோடிக்கணக்கான மக்களின் உயிரே உங்கள் கையில் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்களாம். ஃபலாச்சி எழுதிக்கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த ஜூலையில் இந்தியா, பாகிஸ்தான் இடையே சிம்லா சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

உங்கள் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. வழக்கு வரும், வீட்டு முன்னால் ஆள் வந்து நிற்பான், அடுத்த விருந்தினர் வர மாட்டார், விளம்பரம் போகும். வாடகை கட்ட வேண்டும். எனக்கு நீங்கள் கொடுக்கும் கூலியும் அதிலிருந்துதான் வருகிறது, மறுக்கவில்லை. அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பதில் வராவிட்டாலும் கேள்வியை மட்டும் விட்டுவையுங்கள். கேள்வியை முன்பே அனுப்பியிருந்தால் வீடியோவின் தொடக்கத்தில் ஒரு வரி போடுங்கள். விருந்தினர் கேட்டுக்கொண்டதால் ஒரு பகுதியை எடுத்திருந்தால் அந்த இடத்தில் திரையைக் கறுப்பாக்குங்கள். பார்ப்பவர் புரிந்துகொள்ளட்டும். முழு ஒலிப்பதிவையும் எங்காவது பத்திரமாக வையுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று எத்தனை பேருடைய குரலை அழித்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். எழுத்துப் பிரதி அனுப்பியபின் என்னிடம் இருப்பதை அழிக்கச் சொல்வீர்கள், நானும் அழித்துவிடுவேன். அது நம் ஒப்பந்தம்.

அடுத்த கோப்பு வெள்ளிக்கிழமை வரும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். போர் நடந்த பகுதியிலிருந்து வந்தவரின் பேட்டியாம், நாலு மணி நேரம். இறக்கித் தருகிறேன். அவர் பேசாமல் இருந்த இடங்களையும் வினாடிக் கணக்கோடு எழுதித்தான் அனுப்புவேன். அழிப்பதாக இருந்தால், அந்த வரியை நீங்களே உங்கள் கையால் அழித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேட்டிகளை டைப் அடிப்பவன்