பத்துக்கு மூன்றா, மாப்ளே?

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டிவலியோடு படுத்திருந்ததால் பதில் தாமதம். பேத்திக்குக் காதுகுத்திய படம் பார்த்தேன். அந்த அழுகிற முகம் அப்படியே உன்னுடையது.

அமெரிக்க அதிபரை எதிரே வைத்துக்கொண்டே கிண்டலடிக்கும் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சங்க ஆண்டு விருந்தில், 2006-இல் நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர் பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு, 'ஹாலே சிரிக்கல, ஆள் அவுட்' என்று பத்துக்கு மூன்று போட்டிருக்கிறாய். இது நம் பழைய புத்தி. கல்லூரி விழாவில் நகைச்சுவைப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்து, கைதட்டலைக் கேட்டுக் கேட்டே மார்க் போட்டோமே! முதல் பரிசு வாங்கியவன் தன் ஹாஸ்டல் முழுவதையும் கூட்டி வந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தது பிறகுதானே தெரிந்தது?

வாஷிங்டன் ஹில்டனில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் யார்? அன்றைய அதிபர் புஷ், அமைச்சர்கள், அவர்களைப் பற்றி எழுத வேண்டிய பத்திரிகைக்காரர்கள், அவர்கள் கூட்டிவந்த நட்சத்திரங்கள். கோல்பேருக்கு முன்னால் புஷ், தன்னைப்போலவே வேஷம் கட்டிய ஸ்டீவ் பிரிட்ஜஸைப் பக்கத்தில் நிறுத்திப் பேசினார். ஹால் குலுங்கியது. நல்ல வித்தைதான், ஏழு போடுவேன். ஆனால் யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

அடுத்து கோல்பேர். புஷ்ஷுக்கு மக்கள் ஆதரவு 32 சதவீதத்துக்குச் சரிந்திருந்த நேரம். டம்ளர் பாதி காலி என்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று ஆறுதல்போல ஆரம்பித்தார். 32 என்றால் மூன்றில் இரண்டு பங்கு காலி, அடியில் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் நான் குடிக்கமாட்டேன், அது பெரும்பாலும் எச்சில் என்று முடித்தார். அண்ணாந்து குடித்துப் பழகிய நமக்கு இது கூடுதலாகவே உறைக்கும். இதைச் சொன்னது சில அடி தள்ளி உட்கார்ந்திருந்த மனிதரிடம்.

ஹால் உறைந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. முடிவெடுப்பவர் அதிபர், அறிவிப்பவர் செய்தித் தொடர்பாளர், நீங்கள் அதை டைப் அடிப்பவர்கள். எழுத்துப்பிழை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று பத்திரிகைக்காரர்களையும் வாரிவிட்டார். பந்தியில் உட்கார்ந்து சமையல்காரரைத் திட்டிவிட்டு, பாயசம் வரவில்லையே என்றால் எப்படி? கடைசியில் போட்ட வீடியோ மட்டும் இழுவை. அதற்கு ஒன்றரை மார்க் நானும் குறைப்பேன்.

இப்போது 2004-க்குப் போ. அது வானொலி, தொலைக்காட்சிச் செய்தியாளர்களின் விருந்து. தன் அலுவலகத்தில் நாற்காலி மேஜைக்கு அடியில் குனிந்து தேடுகிற படங்களைக் காட்டி, அந்தப் பேரழிவு ஆயுதங்கள் இங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும் என்றார் புஷ். ஹால் சிரித்தது. இராக்கிடம் இருப்பதாகச் சொல்லி, தேடியும் கிடைக்காத அந்த ஆயுதங்களுக்காகத் தொடங்கிய போரில் அதற்குள் 500-க்கு மேல் அமெரிக்கச் சிப்பாய்கள் செத்திருந்தார்கள். இராக்கியர்கள் கணக்கு தனி. கைதட்டல்தான் அளவுகோல் என்றால் இதற்கு நீ எட்டு போட்டாக வேண்டும். போடுவாயா?

சங்கமும் தன் பங்குக்கு மார்க் போட்டது. 2007-இல் யாரையும் நோகடிக்காத பலகுரல் கலைஞர் ரிச் லிட்டிலைக் கூப்பிட்டார்கள். 2018-இல் மிஷெல் வுல்ஃப் பத்திரிகைகளைப் பார்த்து, டிரம்ப்பை வளர்த்துவிட்டு இப்போது அவரை வைத்தே சம்பாதிக்கிறீர்கள் என்றார். மறுவருஷம் மேடையில் நகைச்சுவையாளரே இல்லை, வரலாற்றாசிரியர் ரான் செர்னோ பேசினார். 2025-இல் நகைச்சுவையாளர் ஆம்பர் ரஃபினை அழைத்துவிட்டு அவர்களே ரத்து செய்தார்கள்.

ஒன்று மட்டும் தனிக் கணக்கு. 2011 விருந்தில் நகைச்சுவையாளர் சேத் மேயர்ஸ் பின் லேடனை வைத்து ஒரு ஜோக் அடிக்க, ஒபாமா பல் தெரியச் சிரித்தார். பின் லேடன் வீட்டுக்குப் படையை அனுப்ப உத்தரவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த மனிதர்! மறுநாள்தான் உலகத்துக்குத் தெரிந்தது. நடிப்புக்குப் பரிசு உண்டென்றால் அந்தச் சிரிப்புக்குத்தான்.

கோல்பேருக்கு என் மார்க் எட்டரை. இன்னொரு தரம் போட்டுப் பார். இந்த முறை அவரைப் பார்க்காதே, கேமரா மேஜைகள் பக்கம் திரும்பும்போது முகங்களைப் பார். மார்க்கைத் திருத்தி எழுது. தைலம் ஏதாவது நல்லதாக இருந்தால் பெயரையும் எழுது.

உன்,
பழைய ரூம்மேட்