தனியே நிற்பது யாருக்கு அழகு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்டவர்களோடு கூட்டுச் சேராமல் தனியே நிற்பதுதான் சமாதான இயக்கத்துக்கு அழகு என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

யார் அந்தக் கண்டவர்கள்? 1989 மே 1 அன்று, தண்ணீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்று நாட்டின் இரு கரைகளிலிருந்தும் கன்னியாகுமரிக்கு வந்தவர்கள் மீனவர்கள். அதற்கு முந்தைய நவம்பரில்தான் ராஜீவும் சோவியத் தலைவர் கோர்பசேவும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பேரணியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தபோது ஓடியவர்களில் நானும் ஒருவன். அதுவரை அணு ஆபத்தை நாங்கள் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்துதான் விவாதித்துக்கொண்டிருந்தோம்.

கட்டுரையாளர் ஜப்பானைச் சாட்சிக்கு இழுக்கிறார். 1960-களில் அங்கே அணுகுண்டு எதிர்ப்பு இயக்கம் உடைந்தது உண்மைதான். ஏன் உடைந்தது என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார். சோவியத்தின் சோதனையையும் கண்டிக்கலாமா கூடாதா என்று கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் முட்டிக்கொண்டார்கள். யார் வெடித்தாலும் குண்டு குண்டுதான் என்று முதலிலேயே பேசி முடித்திருக்க வேண்டும். எங்கள் குண்டு மட்டும் நல்ல குண்டு என்பவரோடு சேர நானும் சொல்லவில்லை.

கண்ணிவெடி எதிர்ப்பு இயக்கத்தை 1992-இல் ஆறு அமைப்புகள் சேர்ந்துதான் தொடங்கின. கால் இழந்தவர்களுக்கு உதவியவர்கள், மனித உரிமைக்காரர்கள், இவர்களோடு வியட்நாமில் சண்டை போட்டுத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் அமைப்பும் இருந்தது. துப்பாக்கி பிடித்தவனோடு என்ன பேச்சு என்று மற்றவர்கள் முகம் சுளித்திருந்தால் 1997-இல் கண்ணிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை வந்திருக்குமா? இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்த வாரத்தில் தங்கள் அட்டைப்படம் எப்படி இருந்தது என்பதும் தங்களுக்குத் தெரியும். அப்போது நான் எழுதிய கடிதத்துக்கு, இடமின்மையால் வெளியிட இயலவில்லை என்று ஒரு கார்டு போட்டீர்கள். அந்த மரியாதைக்கு இன்றும் நன்றி.

எங்கள் சமாதானக் குழுவிலும் தனியே நிற்கும் அழகர்கள் இருந்தார்கள். தொழிற்சங்கம் வந்தால் சிவப்புச் சாயம், பாதிரியார் வந்தால் மதச் சாயம் என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் ஓர் ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாள் கூட்டத்தில் கீழே இருந்தவர்களைவிட மேடையில் இருந்தவர்கள் அதிகம். அப்புறம்தான் மீனவர் சங்கத்தையும், மீன் விற்கும் பெண்களையும், ஆட்டோ ஓட்டுநர்களையும் தேடிப் போனோம்.

போன வருடம் கூட்ட அறிவிப்பை நான்கு பெயர்களோடு அனுப்பினேன். நீங்கள் எங்கள் குழுவின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டீர்கள். மீன்காரம்மா ஒருவர் அந்தத் துண்டைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து நீட்டி, "பந்தலுக்குக் காசு நாங்க, பேரு மட்டும் ஒங்களுக்கா சாரே?" என்று கேட்டார். அந்தத் தாளில் மீன் வாடையும் வெற்றிலை வாடையும் சேர்ந்து அடித்தது. எனக்குப் பதில் வரவில்லை.

இந்த ஆகஸ்ட் 6-க்கான அறிவிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். சின்ன அறிவிப்புதான். மறுபடியும் இடம் போதவில்லை என்றால் எங்கள் குழுவின் பெயரை வெட்டிக்கொள்ளுங்கள். மற்ற மூன்று பெயர்களும் முழுதாக வரட்டும்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
நாகர்கோவில்