சீவிதா தி பாஞ்ஞோரேஜோ: பயண வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுக்கு ஓர் ஊர் என்ற தீர்மானப்படி இம்முறை எடுத்துக்கொண்டது சீவிதா. ரோமுக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில், லாட்சியோ மாநிலத்தின் வித்தெர்போ மாவட்டத்தில் உள்ள குன்றூர் இது. வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் வருகிறது. அடுத்து போகும் குழுவுக்குப் பயன்படும் விவரங்கள் மட்டும் இங்கே.

முதலில் கிழமை. ஞாயிறு வேண்டவே வேண்டாம். ரோமிலிருந்து ஓர்வியேத்தோ வரை ரயில் எல்லா நாளும் உண்டு. அங்கிருந்து பாஞ்ஞோரேஜோ போகும் பஸ் ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையிலும் ஓடாது. மீதி 20 கிலோமீட்டர் சொச்சத்துக்கு டாக்ஸி பிடித்தால் ரயில் செலவை அது விழுங்கிவிடும். கால அட்டவணையில் ‘ஃபெரியாலே’ என்றிருப்பதை விடுமுறை நாள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பொருள் நேர் எதிர்: திங்கள் முதல் சனி வரையிலான வேலை நாள். ஞாயிறும் விடுமுறையும் ‘ஃபெஸ்திவோ’. ‘ஸ்கொலாஸ்திகோ’ என்று குறித்த பஸ் பள்ளி நடக்கும் நாளில் மட்டும் வரும். ஜூலை, ஆகஸ்டில் அதை நம்பி நிற்கக் கூடாது.

ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். பஸ் சீட்டை ஓர்வியேத்தோவிலேயே ‘பார்’ எனப்படும் காப்பிக் கடையிலோ புகையிலைக் கடையிலோ, திரும்புவதற்கும் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது. ஓட்டுநரிடம் வாங்கினால் விலை கூடுதல். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். நாளுக்குச் சில நடைதான்.

பஸ் நிற்பது பாஞ்ஞோரேஜோவில். சீவிதா அதற்கும் அப்பால். ஊரைக் குறுக்கே கடந்து பாலத்தடிக்குப் போக அரைமணி நடை. வழியில் பெல்வெதேரே என்ற மேட்டில் நின்று பார்த்தால்தான் ஊரின் நிலைமை புரியும்.

அடியில் இருப்பது பழங்கடல் விட்டுச்சென்ற களிமண். மேலே போல்சேனா ஏரிப் பக்கத்து எரிமலைகள் கொட்டிய சாம்பல் இறுகிய தூஃபோ கல். ஊர் நிற்பது கல்லின்மேல், கல் நிற்பது களியின்மேல். இருபுறமும் ஓடும் சிற்றோடைகளும் மழையும் களியைக் கரைத்து அரிக்கின்றன. கால் போன தூஃபோ தன் எடையைத் தாங்காமல் விளிம்பில் நெட்டாக வெடிக்கிறது. பிறகு பாளம் பாளமாகச் சரிகிறது. ஒரு காலத்தில் பாஞ்ஞோரேஜோவையும் சீவிதாவையும் சேர்த்திருந்த மண்முதுகும் இப்படித்தான் கரைந்தது. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆட்சியும் ஆயர் பீடமும் பாஞ்ஞோரேஜோவுக்கு மாறின. இன்று நிரந்தரமாகக் குடியிருப்போர் ஏறக்குறைய பத்துப் பேர். சீவிதாவுக்கு வழங்கும் ‘சாகும் ஊர்’ என்ற பெயர் பயண விளம்பரத்துக்காக வைத்தது என்று நினைப்பவர்கள் விளிம்பு வெடிப்புகளை ஒருமுறை பார்க்க வேண்டும். அவற்றை எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டும் வேலை நடந்திருக்கிறது. ஆனால் தேய்வது அடிக்களி; மேலே கட்டுவதால் அது நிற்காது.

பாலம் சுமார் 300 மீட்டர், நடப்பவர்களுக்கு மட்டும். பழைய பாலத்தை 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை தகர்த்தது. இப்போதிருப்பது 1965இல் கட்டியது. தொடக்கத்தில் சாதாரணமாகத் தெரியும், கடைசிப் பகுதியில் ஏற்றம் செங்குத்தாகும். நிழல் துளியும் இல்லை. கோடையில் 10 மணிக்குள் ஏறிவிட வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் கைப்பிடி ஓரமாகவே நடக்கட்டும். சக்கரப் பெட்டியும் குழந்தை வண்டியும் இங்கே தொல்லை. உள்ளே தெருக்கள் கல் பாவியவை. தட்டை அடிச்செருப்பு மழையில் வழுக்கும்.

நுழைவுக்கட்டணம் 2013இல் 1.50 யூரோவாகத் தொடங்கி இப்போது 5 யூரோ ஆகியிருக்கிறது. ஊருக்குள் நுழையக் காசா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பத்துப் பேர் வாழும் ஊருக்கு ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வருகிறார்கள். அந்தத் தெருக்களையும் பாலத்தையும் யார் பணத்தில் காப்பது? இக்கட்டணம் நியாயம் என்பதே செயற்குழுவின் கருத்து.

உள்ளே போகும் வாயில் சாந்தா மரியா. தூஃபோவைக் குடைந்த வழி, ரோமர்களுக்கு முன் இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் காலத்தது என்கிறார்கள். மேல் வளைவு இடைக்காலத்தது. மனிதத் தலையைக் காலடியில் பிடித்திருக்கும் இரண்டு சிங்கங்களை அண்ணாந்து பாருங்கள். வாயில் தாண்டியதும் ஒரு மாளிகை முகப்பு, அழகான சன்னல்களோடு. சன்னல் வழியே தெரிவது வானம்தான். மாளிகையின் பின்பகுதி எப்போதோ பள்ளத்தில் விழுந்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டுத் துறவி புனித பொனவெந்தூரா வளர்ந்த வீடும் அப்படியே போயிற்று. ஊரைப் பற்றி எந்த வழிகாட்டி சொல்வதைவிடவும் இந்த ஒரு சுவர் அதிகம் சொல்கிறது.

நடுச்சதுக்கத்தில் சான் தொனாத்தோ கோயில். உள்ளே 15ஆம் நூற்றாண்டு மரச்சிலுவை. சதுக்கம் மண் தரை. ஜூன் முதல் ஞாயிறும் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறும் இங்கே கழுதைப் பந்தயம் வழக்கம். ஞாயிறு தவிர்க்கும் நம் விதிக்கு அது ஒன்றே விலக்கு, கார் இருந்தால். சந்துகளில் வீட்டுக்கு வெளியே ஏறும் கல்படிகளைக் கவனியுங்கள். ‘ப்ரொஃபெர்லோ’ எனப்படும் இது வித்தெர்போ வட்டாரத்து இடைக்காலக் கட்டட முறை. அவை வீட்டுப் படிகள்; படமெடுக்க ஏறி உட்காரக் கூடாது. களிப் பள்ளத்தைப் பற்றிய நிலச்சரிவு அருங்காட்சியகம் சிறியதுதான், ஆனால் விட்டுவிடாதீர்கள். ஊரை முழுக்க நடக்கக் கால்மணி போதும் என்பதால் பலர் அரைமணியில் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் முன்மொழிவு: இதே ஊருக்கு மறுபடியும், ஏப்ரலில் ஒரு செவ்வாயோ புதனோ, முதல் நாள் இரவு ஓர்வியேத்தோவில் தங்கி, காலை முதல் பஸ்ஸில். பகல்கூட்டம் ரோமிலிருந்து வந்து சேருமுன் பாலம் ஏறிவிடலாம். தங்கும் செலவு கூடும் என்பதால் உறுப்பினர்கள் முன்பணத்தைப் பிப்ரவரிக்குள் பொருளாளரிடம் கட்டக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்