செயலாளரின் ஆண்டறிக்கை - 2025

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

2025இல் செயற்குழு ஆறு முறை கூடியது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டித் தமிழ்99 தட்டச்சுப் பயிற்சி ஒருநாள் நடந்தது. ஜூன் விடுமுறையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தோம். தீபாவளி ஒன்றுகூடல் மழையால் புளோக் கீழ்த்தளத்துக்கு மாறினாலும் நல்லபடியாக முடிந்தது.

இனி, பழைய மடிக்கணினிகள். என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட வேலை இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். “செயலாளர் ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கிறார்” என்று சென்ற கூட்டத்தில் எழுந்த பேச்சுக்கும் இதுவே என் பதில்.

நம் வகுப்பறையில் உள்ள பதினான்கு மடிக்கணினிகளில் ஒன்பது, 32-பிட் எனப்படும் பழைய தலைமுறை இயந்திரங்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதி, சிங்கப்பூர் அறுபதாம் தேசிய தினத்தைக் கொண்டாடிய அதே நாளில், நாம் பயன்படுத்தும் இலவச இயங்குதளமான டெபியனின் 13ஆம் பதிப்பு வெளிவந்தது. அதில் 32-பிட் இன்டெல் கணினிகளுக்குக் கெர்னல் என்ற மையக்கருவும் இல்லை, நிறுவித் தரும் நிரலும் இல்லை. ஆக அந்த ஒன்பதும் 2023 ஜூனில் வந்த டெபியன் 12உடன் நின்றுவிட்டன. தூக்கிப் போட்டுவிடலாம் என்றார்கள் சிலர். அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததும் 64-பிட் கணினிகள் நன்கொடையாக வந்து குவியும், பொறுத்திருக்கலாம் என்றார்கள் வேறு சிலர். வந்தவை இரண்டு. வகுப்புக்கு வருகிறவர்கள் பன்னிரண்டு பேர். அந்த ஒன்பதையும் காப்பாற்றாமல் வகுப்பை எப்படி நடத்துவது?

காப்பாற்றுவது என்றால், 13இல் உள்ள புதிய செயலிகளை 12இலும் ஓட வைப்பது. 13க்கான பொதியை, அதாவது செயலியின் நிறுவல் கோப்பை, இறக்கி 12இல் போட வேண்டியதுதானே என்று பலரும் கேட்டீர்கள். அப்படிச் செய்ய முடியாது. 13இன் பொதிகள், எல்லாச் செயலிகளுக்கும் அடித்தளமான ஜிலிப்சி நிரலகத்தின் 2.41ஆம் பதிப்பை வைத்துக் கட்டப்பட்டவை. 12இல் இருப்பது 2.36. அடித்தளம் பொருந்தாமல் மேல்மாடியை மட்டும் தூக்கி வைக்க இயலாது. மூலநிரல் அடங்கிய மூலப்பொதியை எடுத்து, 12இன் சூழலுக்குள்ளேயே புதிதாகக் கட்ட வேண்டும். எஸ்பில்ட் என்ற கருவி அதற்கென டெபியன் 12 மட்டுமே உள்ள சுத்தமான தனிச்சூழலை அமைத்துத் தருகிறது. மூலப்பொதி கேட்கும் சார்புகளில், அதாவது கட்டுவதற்குத் தேவையான பிற பொதிகளில், ஒன்று அங்கே இல்லையென்றாலும் வேலை நின்றுவிடும். சிஸ்டம்டி-டெவ் என்ற பொதியைச் சார்பாகக் கேட்டவை அப்படித்தான் நின்றன. 12இன் அடிப்படைக் களஞ்சியத்தில் அந்தப் பெயரில் தனிப்பொதி கிடையாது. அதில் உள்ளவை சிஸ்டம்டி, யுடெவ் பொதிகளுக்குள்ளேயே இருக்கின்றன. திருத்தியது ஒரே வரி. எந்த வரி என்று கண்டுபிடிக்க ஒரு முழு சனிக்கிழமை ஆனது.

செப்டம்பரில் நடந்ததை மறைக்க விரும்பவில்லை. அச்சுப்பொறியை இயக்கும் கப்ஸ் பொதியை மறுபடி கட்டினேன். விநாடிகளை 32-பிட் எண்ணில் எண்ணும் நேரக்கணக்கு 2038 ஜனவரி 19ஆம் தேதியோடு தீர்ந்துவிடும் என்பதற்காக 13இல் பல நிரலகங்களின் (செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்புகளின்) பெயரில் ‘டி64’ என்ற வால் சேர்ந்திருக்கிறது; கப்ஸின் நிரலகமான லிப்கப்ஸ்2 அங்கே லிப்கப்ஸ்2டி64. 32-பிட் இன்டெல்லுக்கு நேரக்கணக்கு மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. அந்த வாலை வெட்டாமலே கட்டிவிட்டேன். பழைய பெயரையும் நானே தாங்குகிறேன் என்று புதிய பொதி சொல்ல வேண்டிய வரி, 12இன் பழைய கருவியில் வெறுமையாகிப் போனது. பொதிகளை நிறுவும் கருவியான ஏப்ட், பழைய நிரலகத்தையும் அதை நம்பியிருந்த செயலிகளையும் நீக்கப்போவதாக நீளமாகப் பட்டியல் போட்டது. வகுப்பு தொடங்க பத்து நிமிடம் இருந்த அவசரத்தில் அதைப் படிக்காமல் சம்மதம் கொடுத்தது என் தவறு. திரை திரும்ப வந்தபோது எழுதும் செயலி இல்லை, உலாவி இல்லை. அன்று அந்தக் கணினியில் உட்கார வேண்டிய அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அதன்பிறகு எந்தப் பொதியும் சோதனைக் கணினியில் ஒரு வாரம் ஓடாமல் வகுப்பறைக்குள் வருவதில்லை.

அதே அக்காதான் நவம்பரில் தம் கணவர் சேர்த்து வைத்திருந்த கோயில் திருவிழா மலரைக் கொண்டுவந்தார். படத்திலுள்ள எழுத்துகளைப் படித்தறியும் டெசராக்ட் செயலியின் 5.5ஆம் பதிப்பை 12க்காகக் கட்டி முடித்திருந்தோம். 12இல் உள்ளது 5.3. மஞ்சளடித்த பக்கத்தை வருடி, எழுத்துகள் திரையில் வந்ததும், னகரமும் ளகரமும் மாறிய இடங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே அவர் படித்தார். நன்கொடையாளர் பட்டியலில் கணவரின் பெயர் வந்த இடத்தில் சிறிது நேரம் நிறுத்தினார். அந்தக் கணினியும் ஒன்பதில் ஒன்று.

இந்த வேலைக்காக மாதம் இரண்டு சனிக்கிழமைகள் அறிவித்தேன். பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தீர்கள். தொடர்ந்து வந்தவர்கள் இருவர்: பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர். அண்ணன் ஒவ்வொரு பிழைச்செய்தியையும் பென்சிலால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அடியில் தீர்வையும் எழுதி வைத்திருக்கிறார். இன்று நமக்கிருக்கும் ஒரே கையேடு அதுதான். தேசிய சேவைக்குப் போனவர்களையும், இரவு வேலை பார்ப்பவர்களையும் நான் குறை சொல்லவில்லை. வர முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறையை முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருந்திருக்க மாட்டோம்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே தருவார். மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. சந்தா 24 வெள்ளி, மாதத்துக்கு இரண்டே வெள்ளி. உறுப்பினர்களில் பாதிப்பேர் இன்னும் கட்டவில்லை. பணம் அனுப்புவதற்கான பேநவ் விவரத்தை மூன்று முறை அனுப்பினேன். பொதி கட்டும் கணினிக்கு சிம் லிம் சதுக்கத்தில் வாங்கிய எஸ்எஸ்டி சேமிப்பகம் பற்றி அதிகம் கேள்வி கேட்டவர்களின் பெயரும் நிலுவைப் பட்டியலில் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அறை தந்த சமூக மன்றத்துக்கும், தணிக்கை செய்து கொடுத்த இரு உறுப்பினர்களுக்கும், தொண்டூழியர்களுக்கும், சனிக்கிழமைகளை விட்டுக்கொடுத்த என் வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். டெபியன் 12இன் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2026 ஜூனில் முடிந்து, நீண்டகால ஆதரவுக் குழுவின் கைக்குப் போகிறது. ஆனால் நாம் கட்டிய பொதிகளுக்கு எந்தக் குழுவும் பொறுப்பில்லை. பாதுகாப்பு ஓட்டை ஒன்று தெரிய வந்தால் திருத்தத்தை எடுத்து, மறுபடி கட்டி, சோதித்து, கையொப்பமிட்டுத் தருவது நம் கடமை. ஒருமுறை கட்டியதோடு முடிகிற வேலை இல்லை இது. சென்ற மாதம் எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு வாரத்தில் இரண்டு திருத்தங்கள் அப்படியே கிடந்தன. ஒருவரை நம்பி ஒன்பது கணினிகளை விடுவது சரியில்லை. செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதும் தொடராததும் செயற்குழுவின் முடிவு. அதைப் பற்றி இங்கே எதுவும் கேட்கவில்லை.

பொதிகள் நாம் கட்டியவைதான் என்று உறுதிசெய்து கையொப்பமிடும் மின்னணுச் சாவி இப்போது என் வீட்டு அலமாரியில் ஒரு யுஎஸ்பியில் மட்டுமே இருக்கிறது. இரண்டாவது பிரதியைப் பொறுப்பேற்று வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பட்டியலை முழுதாகப் படிக்கும் பொறுமை இருந்தால் மற்றதை அண்ணனின் நோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மார்ச் முதல் சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு நாங்கள் மூவரும் இதே அறையில் இருப்போம்.

இங்ஙனம்,
செயலாளர்